கண்ணுக்குள் ஒரு துளி

சுங்கை சிப்புட்

அன்புள்ள மாரிமுத்து,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்கு மொட்டை போட்ட படத்தையும் பார்த்தேன். நெற்றி அப்படியே உன் அப்பாவுடையது. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, "இனிப்பு நீர் வந்து 12 வருசமாச்சு, கண்ணு நல்லாத்தான் தெரியுது, டாக்டர் கண் படம் எடுக்கச் சொன்னாரு, போகல" என்று. அதைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

எனக்கும் நன்றாகத்தான் தெரிந்தது. போன தைப்பூசம் முடிந்த மறுநாள் காலையில் முகம் கழுவும்போது இடது கண்ணில் ஒட்டடை மாதிரி ஒரு கறுப்பு நூல் தொங்கியது. கையால் விலக்கிப் பார்த்தேன், போகவில்லை. மத்தியானத்துக்குள் தண்ணீரில் மை ஊற்றினது போல் பரவிவிட்டது. ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான் மகன். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். அப்புறம் கண்ணிலேயே ஊசி. பயப்படாதே, சொட்டு மருந்து விட்டு மரக்க வைத்துவிடுகிறார்கள். அழுத்துவது மட்டும்தான் தெரிந்தது. வெளியே வந்தபோது சின்னச் சின்னக் குமிழிகள் பார்வையில் மிதந்தன. காற்றுக் குமிழி, தானே போய்விடும் என்றார் நர்ஸ், போய்விட்டது.

அந்த ஊசியில் என்ன மருந்து என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்னதையும் சின்ன மகள் தேடிப் படித்துச் சொன்னதையும் உனக்குச் சொல்கிறேன்.

தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் நிறுக்கிறது ஞாபகம் இருக்கிறதா? கணக்கெழுதும் கிராணி வாளியிலிருந்து கொஞ்சம் பாலை எடுத்துத் தண்ணீர் கலந்து, பாலின் கெட்டியை அளக்கும் அந்தக் கண்ணாடி மெட்ரோலாக்கை மிதக்கவிடுவார். அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ, அதை வைத்து வாளி முழுக்க ரப்பர் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். உன் அம்மா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். கண் விஷயத்திலும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். கண்ணுக்குள் இருக்கும் திரவத்தில் கொஞ்சம் எடுத்து, அதில் என்னென்ன புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்திருக்கிறார்கள்.

இனிப்பு நீர் வந்தவர்களுக்கு ரத்தத்தில் ஏறும் சர்க்கரை கண்ணில் கெடுப்பது, பின்பக்கம் படம் விழும் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களை. அவை அடைபட அடைபட அந்த இடத்துக்குப் பிராணவாயு போவதில்லை. பட்டினி கிடக்கும் விழித்திரை ஏதோ ஒரு பொருளைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கிறது என்று 1948-லேயே மைக்கல்சன் என்ற கண் மருத்துவர் ஊகித்தார். அது என்ன பொருள் என்று தெரிய இன்னும் பல வருடங்கள் ஆயின. 1989-இல் அமெரிக்காவில் ஃபெராரா என்பவர், ரத்தக் குழாய்களை வளரவைக்கும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார். 1994-இல் பாஸ்டனில் ஐயெல்லோவும் கூட்டாளிகளும், கண் அறுவைக்கு வந்த 164 பேரிடமிருந்து கண் திரவத்தில் 210 மாதிரிகள் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்களின் 136 மாதிரிகளில் 69-இல் அந்தப் புரதம் இருந்தது. புதுக் குழாய் முளைக்கும் நோய் இல்லாதவர்களின் 31 மாதிரிகளில் இரண்டில்தான் இருந்தது. லேசர் வைத்துக் குணம் கண்டவர்களுக்கு அதன் அளவு 75 சதவீதம் இறங்கியிருந்தது. எனக்குப் போட்ட ஊசி இந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் மருந்து.

மாரி, இதில் என் மனதைத் தொட்டது ஒன்று. அந்தப் புரதம் நமக்குக் கெடுதல் செய்ய வந்ததில்லை. பசியில் விழித்திரை போடும் கூப்பாடு அது. குழாயில் தண்ணீர் நின்றுபோனபோது நம் லயத்தில் வீட்டுக்கு வீடு அவசரமாக ரப்பர் குழாய் இழுத்தோமே, இணைப்புக்கு இணைப்பு ஒழுகுமே, அப்படித்தான் இந்தப் புதுக் குழாய்களும். பலமில்லை, கசியும், உடையும்.

இது எல்லாமே நீ பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே நடக்கும். எழுத்தைப் படிப்பது விழித்திரையின் நடுவில் ஒரு சின்ன இடம். அது நன்றாக இருக்கும்வரை சுற்றிலும் நடப்பது உனக்குத் தெரியாது, வலிக்காது.

மகள் இன்னொன்றும் சொன்னாள். 2023-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கண்ணின் முன்பக்கத் திரவத்தில் சில துளிகளை எடுத்தே ஏறக்குறைய 6,000 புரதங்களை அளந்திருக்கிறார்கள். எந்தப் புரதம் எந்த வகை செல்லிலிருந்து வந்தது என்றுகூடப் பிரித்துப் பார்க்கிறார்களாம். ஒரே மருந்து எல்லாருக்கும் கேட்பதில்லை. எனக்கே மூன்று ஊசிக்குப் பிறகுதான் தெளிந்தது. நாளைக்கு அந்தத் துளியைப் பார்த்தே யாருக்கு எது கேட்கும் என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நல்லது!

சரி, உனக்கு இப்போதைக்கு அந்தத் துளியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். கிளினிக்கில் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு ஒரு படம் எடுப்பார்கள், அவ்வளவுதான். சில மணி நேரம் கண் கூசும், மங்கலாக இருக்கும். அதனால் மோட்டாரில் தனியாகப் போகாதே, பெரியவனைக் கூட்டிக்கொண்டு போ. எந்தத் தேதி கொடுத்தார்கள் என்று எனக்கு எழுது. வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சுப்பையா