வாலைக் கடிக்கும் மீனுக்கு ஏற்ற கம்பி

ஸ்ரீ விஜயபுரம்,
அந்தமான்

அன்புள்ள மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல். மாலத்தீவில் நீ சேர்ந்திருக்கும் படகில் அடுத்த மாதம் முதல் வாஹூ மீனுக்கென்றே விருந்தினரை அழைத்துச் செல்லவிருப்பதாகவும், லீடர் (நூலின் முனையில் முள்ளுக்கு முன்னால் வரும் பல் அறுக்காத துண்டு) கட்டுவதும் இரை கோப்பதும் இனி உன் பொறுப்பு என்றும் எழுதியிருந்தாய். எந்தக் கம்பி நல்லது என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். பதில் ஒரு வரியில் அடங்காது. அப்பா கடலில் கண்டதையெல்லாம் நான் கண்டதில்லை. ஆனால் அவர் கரைக்குக் கொண்டுவந்து போட்ட அறுந்த கம்பிகளையும் பாதி போன இரைகளையும் பிரித்துப் பார்த்து, மறுநாளைக்குப் புதிதாகக் கட்டிக் கொடுத்தவள் நான் என்பதால், அவற்றிலிருந்து அறிந்ததை எழுதுகிறேன்.

முதலில் அந்த மீனின் கடியைப் புரிந்துகொள். வாஹூ நம் வஞ்சிரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பற்கள் முக்கோணமாக, இடைவெளியின்றி நெருங்கி, ஓரங்களில் நுண்ணிய வெட்டுகளோடு இருக்கும். மேல்தாடையும் அசையக்கூடியது என்பதால், வாய் மூடும்போது கத்தரிக்கோல்போல இரு பக்கமிருந்தும் நறுக்கிவிடும். 1964இல் ஆய்வாளர்கள் அளந்தபோது, குறுகிய பாய்ச்சலில் அது மணிக்கு ஏறத்தாழ 77 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. இவ்வளவு வேகமுள்ள மீன் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வரும். இரையின் வாலை வெட்டி முடமாக்கிவிட்டு, மீதியை எடுக்கத் திரும்பும். தூண்டில் முள் தலைப்பக்கம் மட்டும் இருந்தால் தலையும் முள்ளும் உனக்கு, மற்றதெல்லாம் மீனுக்கு. ஆகவே கம்பியின் வலிமையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், முள் எங்கே நிற்கிறது என்பதை யோசி.

மெதுவான ஓட்டத்துக்கு, அதாவது 6 முதல் 8 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் முரல் மீனை இரையாக இழுக்கும்போது, ஒற்றை இழைக் கம்பியையே நான் விரும்புவேன். 9ஆம் எண் கம்பி சுமார் 105 பவுண்டு தாங்கும். வெயில் ஏறிய பிறகு தெளிந்த நீரில் கடி குறைந்தால் இன்னும் மெல்லிய 8ஆம் எண்ணுக்கோ 7ஆம் எண்ணுக்கோ இறங்கலாம். பளபளக்கும் கம்பியை விடப் பழுப்பு நிறக் கம்பி மேல். நீளம் இரண்டு, மூன்று அடி போதும், ஆனால் அது இரையின் நீளத்தைக் கழித்தபின் மிஞ்சும் நீளமாக இருக்க வேண்டும். பாய்ந்து வரும் மீன் இரையைத் தாண்டிக் கடித்தாலும் பல் கம்பியின்மேல்தான் படவேண்டும், தங்கூசியின்மேல் (நைலான் நூலின்மேல்) படக்கூடாது. இந்தக் கம்பியின் ஒரே குறை, ஒருமுறை மடிந்தால் அந்த இடத்தில் நிச்சயம் ஒடியும் என்பது. மீன் ஏறிய ஒவ்வொரு முறையும் கம்பியை விரல்களுக்கிடையில் உருவிப் பார். சிறு கோணல் தட்டுப்பட்டாலும் தயங்காமல் மாற்றிவிடு. விலை பார்த்து மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

இந்த ஒற்றை இழைக் கம்பியின் முனையை வளையமாக்கி முறுக்குவதில்தான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். வளையம் போட்டபின் இரு கம்பிகளும் சம கோணத்தில் ஒன்றையொன்று தழுவிச் சுற்றவேண்டும். ஒன்று நேராக நின்று மற்றது அதன்மேல் சுற்றினால் பாரம் வரும்போது வழுக்கி அவிழும். அப்படி ஐந்தாறு சுற்று முடிந்ததும், முனைக்கம்பியைச் செங்கோணமாகத் திருப்பி, நெருக்கமாக நான்கைந்து சுற்று போடு. பிறகு பிளையரால் வெட்டாதே. முனையைக் கைப்பிடிபோல மடித்து, முன்னும் பின்னும் ஆட்டினால் அடியோடு மொட்டையாக ஒடிந்துவிடும். வெட்டிய முனை ஊசியாக நீட்டிக்கொண்டு நிற்கும். மீனைப் படகோரம் இழுக்கும்போது அது உன் உள்ளங்கையைக் கிழிக்கும்.

வேக ஓட்டம் வேறு கதை. 12 முதல் 16 நாட் வரை ஓடும்போது இயற்கை இரை தாங்காது. ஈயத்தலையும் ஸ்கர்ட்டும் (பாவாடைபோல் தொங்கும் இழைகளும்) உள்ள லூர், அதாவது செயற்கை இரைதான். அதற்கு 49 இழைக் கம்பி, 400 பவுண்டுக்குக் குறையாமல். அது மடியாது, வளைந்து கொடுக்கும். ஆனால் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து சிலிர்த்து நிற்கத் தொடங்கினால் அந்த லீடரின் ஆயுள் முடிந்தது என்று கொள். கம்பியின் வளையத்தை நசுக்கிப் பூட்டும் சிறு உலோகக் குழாயான ஸ்லீவ், கம்பியின் பருமனுக்குச் சரியாகப் பொருந்தவேண்டும். நசுக்கும்போது இரு ஓரங்களையும் சற்று விட்டுவிட்டு நடுவில் மட்டும் நசுக்கு. ஓரத்தையும் சேர்த்து நசுக்கினால் அந்த விளிம்பே இழைகளை வெட்டத் தொடங்கும். அறுந்து வந்த கம்பிகளில் பல் அறுத்தது எது, ஸ்லீவ் அறுத்தது எது என்று பார்த்தால் தெரியும்: ஸ்லீவின் வாயருகே நேர்கோடாக அறுந்திருந்தால் குற்றம் கட்டியவருடையது.

பிரதான நூலுக்கும் லூருக்கும் நடுவே ஒன்று முதல் மூன்று பவுண்டு வரையிலான ஈயக்கட்டையும், அதற்குப் பின்னால் 20 முதல் 30 அடி வரை தடித்த தங்கூசியும் வரும். லூரை ஆழத்தில் நிறுத்துவது அந்த ஈயம். மீனின் முதல் தாக்குதலின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்தத் தங்கூசி. ஆனால் படகருகே வந்த மீன் முள்ளை உதறினால் ஈயம் நேராகப் படகுக்குள் பறந்து வரும். அதன் பாதையில் யாரையும் நிற்க விடாதே, நீயும் நிற்காதே. சுவிவல்கள் (நூல் முறுகாமல் சுழலும் இணைப்புகள்) கறுப்பாக இருக்கட்டும். மினுங்கும் சுவிவலையும் அது கிளப்பும் குமிழ்களையும் இன்னொரு வாஹூ இரை என்று நினைத்துக் கடித்துவிட்டுப் போனால், மாட்டியிருந்த மீனும் சேர்ந்து போகும்.

கம்பி வேண்டாம், ஃபுளோரோகார்பன் (நீரில் எளிதில் தெரியாத பிளாஸ்டிக் நூல்) போதும், கடி அதிகமாகும் என்று வாதிடும் விருந்தினர் வருவார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. கடி கூடும், பலமுறை லூரும் போகும். காசு அவர்களுடையது என்றால் ஒரு ராடில் (தூண்டில் கோலில்) மட்டும் கட்டிக் கொடு. சாதனை மீன் பற்றிப் பேசுபவர்களும் உண்டு. உலகச் சாதனை 2005இல் மெக்சிகோவின் காபோ சான் லூகாஸில் பிடிபட்ட 83.46 கிலோ மீன். சாதனை பதிவாக வேண்டுமென்றால் ஐ.ஜி.எஃப்.ஏ. (சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம்) விதிப்படி, 20 பவுண்டுக்கு மேற்பட்ட நூலில் லீடர் 30 அடியைத் தாண்டக்கூடாது, இரு முட்களுக்கு இடையே இயற்கை இரையில் 18 அங்குலத்துக்கு மேலும், லூரில் 12 அங்குலத்துக்கு மேலும் இருக்கக்கூடாது. ஆகவே அவர்களுக்குத் தனியாக அளந்து கட்டிவை.

இனி முரல். உறைந்த முரலை நல்ல தண்ணீரில் போடாதே, சதை கொழகொழத்துவிடும். கடல்நீரில் இளகவிட்டு, கல்லுப்புத் தூவி ஐஸ்மேல் வைத்தால் தோல் இறுகும். வயிற்றை வால்பக்கமாகத் தடவிக் கழிவை வெளியேற்று. முதுகை இருபுறமும் மெல்ல வளைத்து முள்ளெலும்பைத் தளர்த்து, கண்களை எடுத்துவிடு. நீண்ட கீழலகை ஒடித்துவிட்டு, இரு முட்களில் முன்முள்ளைச் செவுள் வழியாக நுழைத்து வயிற்றின் நடுக்கோட்டில் வெளியே கொண்டுவா. நூலளவு விலகினாலும் இரை சுழலும், சுழலும் இரையை வாஹூ தொடாது. வாயை மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டு. பின்முள்ளைக் கம்பியாலேயே இணைத்து வாலுக்குச் சற்று முன்னால் நிறுத்து. அதை இறுகக் கோக்காமல் சிறிது தளர்வு விடவேண்டும், இல்லையென்றால் இரை வளைந்து நீந்தாது. கட்டி முடித்ததும் படகோரத்தில் விட்டு நேராக ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பின்னால் விடு.

மீன் அடித்தவுடன் படகை நிறுத்த வேண்டாம் என்று அப்பா உன் கேப்டனுக்குச் சொல்லச் சொன்னார். வாஹூ பலமுறை படகை நோக்கித் திரும்பி ஓடும். நூல் தொய்ந்தால் ஒரு தலையாட்டில் முள் போய்விடும். ராடை ஏற்றி இறக்காமல் ஒரே சீராகச் சுற்றச் சொல்.

அறுக்கும்போது வயிற்றில் பெரிய புழு ஒன்றிரண்டு இருந்தால் விருந்தினர் அலறுவார்கள். வாஹூவின் இரைப்பையில் அது வழக்கமாக இருப்பதுதான். சதைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல். இறந்த மீனின் வாயிலும் கையை விடாதே. கம்பியைக் கையில் சுற்றிப் பிடிக்காதே, கையுறை போட்டிருந்தாலும்.

அங்கே கிடைக்கும் 49 இழைக் கம்பியின் பருமனை மில்லிமீட்டரில் அளந்து எழுது. பொருந்தும் ஸ்லீவ்களை அப்பா வாங்கி வைத்திருப்பார். அடுத்த பார்சலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா