ஜூலை 30: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தநாளும் நம் பள்ளியின் மருத்துவப் பரிசோதனையும்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

வரும் ஜூலை 30 டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்த நாளை மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறார்கள். அதே வாரத்தில் நம் மாணவிகளுக்குப் பள்ளியிலேயே மருத்துவப் பரிசோதனை நடக்க இருக்கிறது. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதக் காரணம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அந்தக் காலத்துச் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர்.

மகள் டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படாத வீடு நம் பள்ளியில் குறைவு. அரசியல் என்ற பேச்சு வந்தால் மட்டும் அந்தப் பக்கமே போகாதே என்கிறோம். முத்துலட்சுமி ரெட்டி இந்த இரண்டையும் செய்தவர். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு தீர்க்க முடியாத நோய்களின் வேரைத் தேடித்தான் அவர் சட்டமன்றத்துக்குப் போனார் என்பதே அவரைப் பற்றி நான் முக்கியமாக நினைப்பது.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். பருவம் எய்தியதும் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் வழக்கம் அந்த வீட்டையும் விட்டுவைக்கவில்லை. வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு ஆண்கள் மட்டும் படித்துவந்த மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது கடும் எதிர்ப்பு. எதிர்த்தவர்களில் மற்ற மாணவர்களின் பெற்றோரும் இருந்தார்கள். ஒரு பெண் வகுப்பில் இருந்தால் தங்கள் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு அனுமதித்ததால்தான் இடம் கிடைத்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். எழும்பூர் பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றினார்.

பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பெற்றோருக்கு ஒரு குறிப்பு. "இந்தியாவின் முதல் பெண் டாக்டர்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். ஆனந்திபாய் ஜோஷி 1886-இலேயே, முத்துலட்சுமி பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் வாங்கிவிட்டார். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் 1875-இலேயே பெண்கள் படித்திருக்கிறார்கள். "முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்" என்பதையும் "பிரிட்டிஷ் இந்தியாவின்" என்று சேர்த்தே சொல்ல வேண்டும். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் சில ஆண்டுகள் முன்னதாகவே நியமிக்கப்பட்டிருந்தார். முத்துலட்சுமியின் சாதனைகளுக்கு மிகை தேவையில்லை.

அவர் 1926 இறுதியில் நியமன உறுப்பினராகத்தான் சட்டமன்றத்துக்குப் போனார். மருத்துவத் தொழிலுக்கு இடையூறாகுமே என்று முதலில் தயங்கினார். அவையோ 1927-இல் அவரையே துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவப் பிரிவு, பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை என்று அவர் முதலில் கேட்டவை எல்லாம் ஒரு டாக்டர் கேட்கக்கூடியவை. அடுத்துக் கைவைத்த இடம்தான் கடினமானது.

சிறுமிகளுக்குக் கோயிலில் பொட்டுக்கட்டும், அதாவது தேவதாசியாக நேர்ந்துவிடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று 1927-இல் தீர்மானம் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. ஆனால் தீர்மானம் என்பது அரசுக்குப் பரிந்துரை மட்டுமே. வழக்கம் ஏன் விடவில்லை என்று பார்த்தால் அடியில் நிலம் இருந்தது. கோயில் தொண்டு செய்யும் குடும்பத்துக்கு இனாம் நிலம், அதாவது மானியமாக விட்ட நிலம் உண்டு. தொண்டு நின்றால் நிலமும் போய்விடும். அதனால் தலைமுறைக்கு ஒரு பெண்ணையாவது பொட்டுக்கட்டி விட்டால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலை. வெறுமனே தடைச் சட்டம் போட்டிருந்தால் அந்தப் பெண்கள் நிலமும் இல்லாமல் தெருவில் நின்றிருப்பார்கள். முத்துலட்சுமி அப்படிச் செய்யவில்லை. இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1929-இல் நிறைவேறிய அந்தத் திருத்தம் தொண்டு என்ற நிபந்தனையை நிலத்திலிருந்து கழற்றிவிட்டது. உரிய வரியைச் செலுத்தி அவர்களே நிலத்தை அனுபவிக்கலாம் என்றாயிற்று. முதலில் வாழ்வாதாரம், பிறகு தடை என்ற இந்த வரிசை எனக்கு மிகப் பெரிய பாடமாகத் தெரிகிறது.

எதிர்ப்பு எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற தேவதாசிக் கலைஞர்களும் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். தங்கள் கலையும் சொத்துரிமையும் மரியாதையும் சேர்ந்தே போய்விடும் என்ற அவர்களது அச்சத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. மறுபுறம், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதே சமூகத்துக்குள்ளிருந்து ஊர் ஊராகப் போய் ஆதரவு திரட்டினார். பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை முத்துலட்சுமி 1930-இல் முன்வைத்தார். அதே ஆண்டு காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். மசோதா கிடப்பில் போனது. முழுத் தடைச் சட்டம் 1947-இல்தான் வந்தது.

குழந்தைத் திருமணத்திலும் அவர் பார்வை மருத்துவர் பார்வைதான். இடுப்பெலும்பு முழுமையாக வளராத சிறுமிக்குப் பிரசவம் சிக்கிக்கொள்ளும். தாயும் சேயும் சாவார்கள். பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என்று வயதை உயர்த்தச் சென்னைச் சட்டமன்றம் 1928-இல் அவர் முயற்சியால் பரிந்துரைத்தது. அகில இந்திய அளவில் 1929-இல் வந்த சாரதா சட்டம் என்ற குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 14, 18 என்று நின்றுகொண்டது. அது அமலுக்கு வந்தது 1930 ஏப்ரலில். இடையில் கிடைத்த மாதங்களில் அவசர அவசரமாகக் குழந்தைத் திருமணங்கள் நடந்தன என்பது 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவாகியிருக்கிறது. சட்டத்திலும் ஓட்டை: யாராவது முன்வந்து புகார் கொடுத்தால்தான் வழக்கு; நடந்துமுடிந்த திருமணமும் செல்லும்.

இன்று பெண்ணுக்கு 18 வயது நிறைய வேண்டும். நல்ல வரன் வந்துவிட்டது, பரீட்சை முடிந்ததும் நிச்சயம் மட்டும் பண்ணி வைக்கிறோம் என்ற பேச்சு பதினோராம் வகுப்பு வீடுகளில் கேட்கிறது. அப்படி ஒரு நெருக்கடி வந்தால் முதலில் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு மாணவியே பேசலாம், கட்டணம் இல்லை. இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலேயே உள்ள மகப்பேறு நிதியுதவி, ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய், 19 வயது நிறைந்த தாய்க்குத்தான்.

கல்வியைப் பற்றி அவர் செய்ததைப் பலர் குறிப்பிடுவதில்லை. இந்தியாவின் ஆட்சி முறையை ஆராய பிரிட்டிஷ் அரசு அனுப்பிய சைமன் குழுவுக்காகக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவில் அவர் உறுப்பினர். 1929-இல் வந்த அந்த அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு: 1922-23-இல் முதல் வகுப்பில் இருந்த ஒவ்வொரு 100 பையன்களில் 1925-26-இல் நான்காம் வகுப்பில் இருந்தவர்கள் 18 பேர். பெண்பிள்ளைகள் நிலை அதைவிட மோசம். பாதியில் நின்றுபோவது ஒரு காரணம், ஒரே வகுப்பில் தேங்கிக் கிடப்பது இன்னொன்று. நாலு ஆண்டாவது தொடர்ந்து படிக்காத பிள்ளைக்கு எழுத்து மறந்துபோகும். அதுவரை செலவழித்ததெல்லாம் வீண்.

இன்று நம் பிள்ளைகள் பெரும்பாலும் நிற்பது பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு. அதற்கு உள்ள உதவி மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருக்கிறது. புதுமைப்பெண் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆறு முதல் பன்னிரண்டு வரை நம்மைப் போன்ற அரசுப் பள்ளியில் படித்த மாணவி கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். பணம் வராமல் சிக்குவதற்கான வழக்கமான காரணம் பெயர்க் குழப்பம்: ஆதாரில் ஒரு எழுத்து, மதிப்பெண் சான்றிதழில் இன்னொரு எழுத்து, வங்கிக் கணக்கில் அப்பாவின் இனிஷியல் வேறு மாதிரி. கணக்கு மாணவியின் பெயரில், ஆதாருடன் இணைந்ததாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பிலேயே சரிசெய்துவிடுங்கள். பிறகு செய்வது பெரிய அலைச்சல்.

இனி மருத்துவப் பரிசோதனை. உயரம், எடை, கண் பார்வை, பல், தோல், இரத்தசோகை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அன்று காலை சாப்பிடாமல் அனுப்பாதீர்கள். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகள்தான் விரலில் ஊசி குத்தியதும் மயங்குகிறார்கள். கண்ணாடி போடும் மாணவி அதைக் கொண்டுவரட்டும். வலிப்பு, இதயக் கோளாறு, மூச்சிரைப்பு, தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை எதுவானாலும் இத்துடன் வரும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். அது வகுப்பில் வாசிக்கப்படாது. மருத்துவக் குழுவிடம் மட்டும் போகும்.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட மாணவிக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பல பிள்ளைகள் வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிடுகிறார்கள். காரணம் குமட்டல். மதிய உணவுக்குப் பிறகு போட்டால் அது பெரும்பாலும் வராது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், இரும்புச்சத்தால் அப்படித்தான் இருக்கும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். அவை இரும்பை உடலில் சேரவிடாது. குடற்புழு மாத்திரையான 400 மில்லிகிராம் அல்பெண்டசோலையும் தவறவிடாதீர்கள். கொக்கிப்புழு குடலில் இருந்துகொண்டு இரத்தத்தை உறிஞ்சும்போது இரும்பு மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். அல்பெண்டசோலை நன்றாகக் கடித்துத் தின்ன வேண்டும், அப்படியே விழுங்கக் கூடாது.

பரிசோதனையில் குறை தெரிந்தால் அரசு மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு தருவார்கள். இங்கேதான் காரியம் கெடுகிறது. சீட்டு புத்தகப் பைக்குள்ளேயே கிடந்து கசங்கிப்போகிறது, பெற்றோருக்கு விஷயமே தெரிவதில்லை. அன்று மாலை பையைத் திறந்து பாருங்கள். சீட்டு இருந்தால் ஒரு வாரத்துக்குள் அழைத்துச் செல்லுங்கள். அங்கே எழுதித் தரும் தாளின் நகலை வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் அடுத்த பரிசோதனைக்கு உதவும். வேலைக்குப் போவதால் அழைத்துச் செல்ல முடியாத பெற்றோர் தயங்காமல் சொல்லுங்கள், ஆசிரியை ஒருவரைத் துணைக்கு அனுப்புகிறோம்.

முத்துலட்சுமி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பதவியை விட்டபின் ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். பிறகு நெடுங்காலம் பணம் திரட்டி 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அவருடைய வாழ்க்கையை ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் ஜூலை 30 காலை வழிபாட்டில் பேசுகிறார்கள், 9.15 மணிக்குள் வந்தால் நீங்களும் கேட்கலாம். கையெழுத்திட்ட படிவம் 28-ஆம் தேதிக்குள் எங்களுக்கு வந்துசேர வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்