சாந்தாவுக்கு, முரண்பாட்டைப் பற்றி

அன்புள்ள சாந்தா,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். கோர்ட்டுக்கு லீவு விட்டால்தானே உனக்கு உடம்பு படுத்தும். பதில் போடாததற்கு நீ திட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இங்கே வீடே கேட்டாகிவிட்டது.

எம்.ஏ. தத்துவத்தில் இந்த செமஸ்டர் குறியீட்டுத் தர்க்கம். பட்டாணி சாருக்குத் தெரிந்தால் மறுபடி பெஞ்சு மேல் ஏற்றுவார். எது உண்மை, எது பொய் என்று கட்டம் போட்டுப் பார்க்கும் ட்ரூத் டேபிள் வரை, பூ, இவ்வளவுதானா என்றிருந்தேன். போன வாரம் ஒரு ப்ரூஃப் நடத்தினார்கள். அதிலிருந்து தூக்கமில்லை. கேள்.

மழை பெய்கிறது, மழை பெய்யவில்லை, இரண்டும் உண்மை என்று வைத்துக்கொள். பெய்கிறது என்றால் ‘மழை பெய்கிறது அல்லது சாந்தா முதலமைச்சர்’ என்பதும் உண்மை; ஒரு பக்கம் சரியாக இருந்தால் போதுமே. ஆனால் மழை பெய்யவில்லை என்றும் ஒப்புக்கொண்டாய். அந்தப் பக்கம் அடிபட்டது. மிச்சம் என்ன? வணக்கம், முதல்வர் அம்மா! ஒரே ஒரு முரண்பாட்டை உள்ளே விட்டால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம்டி.

ஜெர்மன் கணித, தர்க்க அறிஞர் ஃப்ரேகேயின் கதை அப்போதுதான் எனக்கு உறைத்தது. எண்கணிதத்தைத் தர்க்கத்தின் மேல் நிறுத்தப் பல வருடம் உழைத்தவர். 1902 ஜூனில், அதைப் பற்றிய அவர் புத்தகத்தின் இரண்டாம் பாகம் அச்சில் இருக்கும்போது, ஆங்கிலேயத் தத்துவவாதி ரஸ்ஸலிடமிருந்து ஒரு கடிதம். தன்னைத் தானே உறுப்பாகக் கொள்ளாத கணங்களையெல்லாம் (கணம் என்றால் கணக்கில் வரும் ‘செட்’) சேர்த்து ஒரு கணமாக்கினால், அது தனக்கு உறுப்பா? ஆம் என்றால் இல்லை, இல்லை என்றால் ஆம். ஏதோ ஒரு மூலையில் ஓட்டை, அடைத்துவிடலாம் என்றல்லவா நினைத்திருந்தேன்! ஒன்றும் இரண்டும் சமம் என்பதுகூட அதே ஓட்டை வழியாக வந்துவிடும். மனுஷன் ஒரு வாரத்துக்குள் பதில் எழுதி, புத்தகத்திலும் பின்னிணைப்பாகச் சேர்த்தார். நீயாக இருந்தால் வாய்தா வாங்கியிருப்பாய்.

சரி, உன் விஷயம். அண்ணனை மன்னித்துவிட்டேன், மன்னிக்கவும் முடியவில்லை, இதில் எதை அடிப்பது என்று கேட்டிருந்தாய். எதையும் அடிக்காதே. முரண்பாடு இருந்தும் எல்லாவற்றையும் நிரூபித்துவிடாத தர்க்க முறைகளை பிரேசிலில் டா கோஸ்டா என்பவர் 1963-லேயே உருவாக்கியிருக்கிறார். நமக்கும் அதுதான் சரி. மன்னித்தாய் என்பதால், சொத்தில் உன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆகாது. மன்னிக்கவில்லை என்பதால் அவர் மகள் கல்யாணத்துக்குப் போகக்கூடாது என்றும் ஆகாது. யார் எதைச் சொல்லி உன்னிடம் கையெழுத்துக் கேட்டாலும் முதலில் எனக்கு போன் பண்ணு. வக்கீலுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது!

கல்யாணத்துக்கு நானும் வருகிறேன். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று எழுது, டிக்கெட் போட வேண்டும்.

உன்,
கலா