காக்கா ஆழியை நண்டு தின்னுமா?

பாங்கர், வேல்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? பணம் வந்திருக்கும். முதலில் மாத்திரை வாங்கிவிட்டு மிச்சத்தை வலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"அங்கே அப்படி என்னதான் வேலை?" என்று போனில் கேட்டீர்கள். பாதிப் பேச்சிலேயே சிக்னல் போய்விடுவதால் எழுதுகிறேன். தம்பியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நண்டு எதைத் தின்கிறது, எதை விட்டுவிடுகிறது, ஏன் என்று பார்ப்பதுதான் என் வேலை. எண்ணூர்க் காட்டுக்குப்பத்தில் பிறந்த பெண் இதற்காகவா இத்தனை தூரம் போனாள் என்று அத்தை கேட்பாள். ஆமாம், இதற்காகத்தான். நம் கழிமுகத்தில் பரவிவிட்ட காக்கா ஆழி மட்டியை நண்டு தின்னுமா என்பதும் இதில் அடக்கம்.

இங்கே கடலின் ஏற்றமும் வற்றமும் நம் கழிமுகம் மாதிரி இல்லை. நம் பக்கம் ஒரு மீட்டர் வித்தியாசம் வந்தாலே பெரிது. இந்த ஊரை ஒட்டிய மெனாய் ஜலசந்தியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 6 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. வற்றத்தில் தரை வெகுதூரம் திறந்துகிடக்கும். அதில் கறுப்பு மட்டியை வளர்க்கிறார்கள். குஞ்சு மட்டியைக் கொண்டுவந்து முதலில் மேட்டில் கொட்டுவார்கள். அங்கே தண்ணீர் நிற்கும் நேரம் குறைவு என்பதால் நண்டுக்கும் தின்ன நேரம் குறைவு. ஓடு தடித்த பிறகு ஆழத்துக்கு மாற்றுவார்கள். குளிர்தான் தாங்கவில்லை. மழைக்கோட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டும் விரல் மரத்துப்போகிறது. ராத்திரி சோறு வடித்து, அதே மட்டியைப் புளி ஊற்றிக் குழம்பு வைக்கிறேன். கூட இருக்கும் வேல்ஸ் பெண்ணுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

இங்குள்ள கரை நண்டு சிறிசு. நம் கழி நண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் குட்டி மாதிரி இருக்கும். ஒரு கொடுக்கு தடித்தது, நொறுக்குவதற்கு. மற்றது மெலிந்தது, வெட்டி எடுப்பதற்கு. சண்டை போடும் என்பதால் ஒரு தொட்டிக்கு ஒரு நண்டு. எல்லாவற்றுக்கும் பசி ஒரே அளவில் இருக்கட்டும் என்று முதலில் பட்டினி போடுவோம். பிறகு அளந்த மட்டிகளைப் போட்டு, எடுத்த நொடியிலிருந்து தின்று முடிக்கும் வரை நேரம் குறிப்போம். நண்டு எடுத்தவுடன் உடைப்பதில்லை அப்பா. புரட்டிப் பார்க்கும், மூட்டுப் பக்கம் அழுத்திப் பார்க்கும், முடியாவிட்டால் விளிம்பைத் துளைக்கப் பார்க்கும், சரிப்படாது என்றால் போட்டுவிட்டு வேறு தேடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது, நீங்கள் ஏலத்தில் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் ஞாபகம் வந்தது.

பெரிய மட்டியில் கறி அதிகம், ஆனால் உடைக்க வெகுநேரம் ஆகும். சின்னது சட்டென்று உடையும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஒரு நிமிஷ உழைப்புக்கு அதிகக் கறி கிடைப்பது நடுத்தர அளவில். 1978-இல் இதே பாங்கரில் எல்னர், ஹியூஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். நண்டுகள் பெரும்பாலும் அந்த அளவையே எடுத்தன. இருந்தாலும் மற்ற அளவுகளை அடியோடு விடவில்லை. பிறகு 2003-இல் நெதர்லாந்தில் ஸ்மாலெகாங்கே, வான் டெர் மீர் என்ற இருவர் பார்த்தபோது, அதிக லாபம் தரும் அளவை விடச் சின்னதையே நண்டு விரும்பியது. கொடுக்கு தேய்ந்து உடைந்துவிடாமல் காத்துக்கொள்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. கொடுக்கு போன நண்டை வியாபாரி என்ன விலைக்குக் கேட்பார் என்று உங்களுக்குத் தெரியும். நண்டுக்கோ அதை விடப் பெரிய நஷ்டம். அடுத்த வேளை எதால் உடைக்கும்?

தின்பதில் பயமும் சேர்ந்திருக்கிறது. அதே 1978-இல் மிலின்ஸ்கி, ஹெல்லர் என்பவர்கள் முதுகில் முள் உள்ள ஒரு சின்ன மீனை வைத்துச் சோதித்தார்கள். பசியோடு இருந்த மீன், அதன் இரையான நீர்த்தெள்ளு என்ற சின்ன உயிர் நெருக்கமாக மொய்க்கும் இடத்துக்கே போனது. மேலே ஒரு மீன்கொத்தி பொம்மையைப் பறக்கவிட்டதும் இரை குறைவான இடத்துக்கு மாறிவிட்டது. மொய்க்கும் இரைக் கூட்டத்தில் பிடிக்கும்போது மீனின் முழுக் கவனமும் அதிலேயே போய்விடும், தன்னைப் பிடிக்க வருபவனைப் பார்க்க முடியாது.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். தொட்டிக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் காக்கா ஆழிதான் நினைவு. தென் அமெரிக்கப் பக்கத்து மட்டி அது. நம் கழிமுகத்தின் தரை முழுவதும் பாய் விரித்துவிட்டது. மஞ்சள் மட்டி போய்விட்டது, இறால் பதுங்கச் சேறு இல்லை, பறிக் கூடையோடு கையால் இறால் தடவிப் பிடிக்கப் போகிறவர்களின் கையும் காலும் கிழிகிறது. நண்டு வந்து அதைத் தின்று தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இத்தனை அடர்த்தியாகப் படிந்ததை வாரித்தான் எடுக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாரிய பிறகு மிஞ்சும் குஞ்சுகளை யார் தின்பார்கள் என்பதுதான் என் கேள்வி. மட்டி நாரால் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தால், பிய்த்து எடுக்கவே நண்டுக்கு நேரம் போகும். நண்டு வாடை பட்டு ஓட்டைத் தடிப்பாக்கிக்கொள்ளும் மட்டிகளும் உண்டு. நம் கழி நண்டு காக்கா ஆழியில் எந்த அளவை உடைக்கும் என்பதைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

அதனால் ஓர் உதவி. அடுத்து கழி நண்டு கிடைத்தால், இரண்டு கொடுக்கும் முழுதாக உள்ள ஒன்றை விற்காமல் வையுங்கள். கொடுக்கைக் கட்டிய கயிற்றை அவிழ்த்து, கழிமுகத் தண்ணீர் ஊற்றிய அகலமான டப்பில் தனியாக விடுங்கள். ஒரு நாள் இரை போடாதீர்கள். அப்புறம் காக்கா ஆழியில் சின்னது, நடுத்தரம், பெரியது மூன்றிலும் சம எண்ணிக்கையில் போட்டு, மறுநாள் எது உடைந்திருக்கிறது என்று பாருங்கள். உடைந்த ஓட்டைக் கழுவாமல் ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்துத் தம்பி போட்டோ அனுப்பட்டும். கழியில் நண்டு வளையின் வாயில் நொறுங்கிய ஓடு கிடந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

பௌர்ணமி வற்றத்தில் இறங்கும்போது ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்.

உங்கள் அன்பு மகள்
செல்வி