குடை வைத்திருந்த வீட்டுப் பெண்ணுக்கு

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
4 நவம்பர் 2024

அன்புள்ள மேரி,

இங்கே எல்லோரும் நலம். வாட்ஸப் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதமும் தபால்தலையும் தேடிக்கொண்டு அலைகிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. அது கடைசியில்தான் வரும். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே. கதைப் புத்தகத்தை நீ படிக்கும் லட்சணம் எனக்குத் தெரியும்.

முதலில் நல்ல சேதி. வெள்ளிக்கிழமையோடு அம்மாவுக்கு எழுபது முடிந்தது. நகராட்சியில் வாங்கிய, பிரெஞ்சில் இருந்த பிறப்புப் பதிவின் நகலை ஆகஸ்டில் உனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேனே, நீகூட போனில் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாயே, அதை வைத்துத்தான் ஆதாரில் இருந்த 01.01.1955ஐ மாற்றினோம். 1 நவம்பர் 1954, விடியற்காலை நான்கு மணி. அம்மா காலம் காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தது சரிதான். நாம்தான் நம்பவில்லை. பாட்டிக்கு வலி எடுத்தபோது தாத்தா வீட்டில் இல்லையாம். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறுவதைப் பார்க்க இடம் பிடிக்க வேண்டும் என்று இருட்டோடு இருட்டாகக் கிளம்பிப் போய்விட்டாராம். பார்த்துவிட்டு வந்து நின்றவரிடம் பிள்ளையைக் கொடுத்தார்களாம். பூங்கொடி என்று பெயர் வைத்தார். ஊரெல்லாம் அது பூவைச் சொல்கிற பெயர் என்று நினைத்தது. தாத்தா வைத்தது துணிக்கொடியை நினைத்து.

இந்த நவம்பர் ஒன்றை நினைத்தால் எனக்குச் சிரிப்பாக வருகிறது மேரி. அன்றைக்கு உனக்கும் லீவு, எனக்கும் லீவு. பிரான்ஸ் போன சந்தோஷத்துக்கு எங்களுக்கு விடுதலை நாள் லீவு. பிரான்ஸிலேயே இருக்கிற உனக்குப் புனிதர்கள் புண்ணியத்தில் லீவு. நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் காலை ஒன்பது மணி வரை தூங்குவதற்கு இப்படி இரண்டு காரணம். வகுப்புக் கரும்பலகையில் ‘இன்றைய சிறப்பு’ எழுதுவோமே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது நவம்பர் ஒன்றுக்கு நீ ‘சகல புனிதர்கள் திருநாள்’ என்று ஒரு வரி எழுதி, கீழே உன் பெயரையும் போட்டு வைத்தாய், நீயும் ஒரு புனிதை என்பது போல. டீச்சர் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்தார்.

இப்போது எழுதினால் பலகை போதாது. பையன் ஒரு வாரமாக இதே வேலையாக இருந்து பட்டியல் தயாரித்து, பிறந்தநாள் அன்று பாட்டி முன்னால் நின்று வாசித்தான். ஐஸ்வர்யா ராய், 1973. அம்மா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். வி.வி.எஸ். லட்சுமண், 1974. அவ்வளவுதான், இவர் ஆரம்பித்துவிட்டார். 2001, ஈடன் கார்டன், 281, ஃபாலோ ஆன். கேக் வெட்டுகிற வரை நிறுத்தவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த 281 ஓட்டத்தையும் நான் ஒவ்வொன்றாக ஓடி முடித்தவள்.

அப்புறம், 1959இல் எம்.கே. தியாகராஜ பாகவதர் இறந்ததும் நவம்பர் ஒன்றுதான். இதைப் பையன் வாசிக்கும் முன்பே அம்மா சொல்லிவிட்டார். தாத்தா பாகவதர் பைத்தியம். ஒவ்வொரு வருடமும் மகளுக்குத் திருநீறு பூசிவிட்டு, அந்தக் கையோடு பாகவதருக்காக ஒரு பெருமூச்சு விடுவாராம். “எனக்குப் பொறந்தநாளா, அவருக்குத் திவசமான்னே தெரியாது” என்றார் அம்மா.

மாஹே பிரேமா வழக்கம் போல் கசவு சேலையில் கேரளப் பிறவி வாழ்த்து அனுப்பியிருந்தாள். கேரளா பிறந்தது 1956 நவம்பர் ஒன்று, ஆனால் கேரளக் கரையில் இருந்தாலும் நம் புதுச்சேரியோடு இருக்கிற மாஹே என்றைக்கடி கேரளாவில் சேர்ந்தது என்று கேட்டேன். உனக்கும் லீவு என்னால்தான் என்கிறாள். அவளைப் பேச்சில் ஜெயிக்க முடியுமா? உண்மையில் மாஹே 1954 ஜூலை 16 அன்றே பிரெஞ்சுக்காரர்களை அனுப்பிவிட்டது. அதற்கு முன்பு, ஜூன் 13 அன்று, ஆந்திரக் கரையில் இருக்கும் நம் ஏனாம் ஊர். கடைசியாகக் கிளம்பியது நாம்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருக்கிற கோட்டக்குப்பம் சித்திக்கு வேறு குழப்பம். அவர்களுக்கு 2019இல் நவம்பர் ஒன்றுதான் தமிழ்நாடு நாள் என்றார்கள், 2021இல் இல்லை, ஜூலை 18 என்றார்கள். இந்த வருடம் தீபாவளிக்கு மறுநாள் என்பதால் அங்கேயும் லீவு விட்டார்கள். சித்தி நடந்தே வந்துவிட்டார். கையில் எங்கள் வீட்டு முறுக்கை விடக் கெட்டியான முறுக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பையன் பட்டியலின் கடைசி வரியில்தான் வினை இருந்தது. “பாட்டி, நீங்க பொறந்தப்போ பிரெஞ்சு சிட்டிசன்” என்றான்.

எனக்கே அப்போதுதான் உறைத்தது. நாம் பள்ளியில் தேதியைத்தான் படித்தோம், கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. 1954 அக்டோபர் 18, கீழூரில் இந்தியாவோடு இணைவதா என்று ஓட்டெடுப்பு. மக்கள் வாக்களித்தார்கள் என்று மேடையில் முழங்குகிறார்களே, உள்ளே போய் ஓட்டுப் போட்டது 178 பிரதிநிதிகள். 170 பேர் இணைப்புக்கு, 8 பேர் எதிராக. நவம்பர் ஒன்று அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. நிர்வாகம் மட்டும்தான். மண் சட்டப்படி பிரான்ஸுடையது. 1956இல் ஒப்பந்தம் எழுதியும் அவர்கள் பாராளுமன்றம் அதை ஏற்காமல் இழுத்தடித்தது. ஏன் தெரியுமா? உன் மாடி வீட்டு அல்ஜீரியாக்காரம்மாவைக் கேள். அவர்கள் சண்டை தொடங்கியதும் அதே 1954 நவம்பர் ஒன்று. இங்கே சாவியைக் கொடுத்த அன்றே அங்கே துப்பாக்கி வெடித்திருக்கிறது. ஒரு காலனியைச் சட்டப்படி எழுதிக்கொடுத்தால் அல்ஜீரியாவும் கேட்கும் என்ற பயம். 1962 ஜூலையில் அல்ஜீரியா சுதந்திரம் அடைகிறது, ஆகஸ்ட் 16 அன்று நம் ஒப்பந்தம் நடைமுறைக்கு வருகிறது. நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஆகஸ்ட் 16 அன்றுதானே விழா? 2014இல்தானே நவம்பர் ஒன்றை விடுதலை நாள் ஆக்கினார்கள். அந்த நடுவில் இருந்த ஏழே முக்கால் வருடமும் அம்மா பிரெஞ்சுக்காரி.

அம்மா கேக்கைக் கீழே வைத்தார். சுதந்திரத்தோடு பிறந்தவள் என்று எழுபது வருடமாகத் தெருவுக்கே சொல்லி வந்தவர் அல்லவா? நான் பயந்தேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி.

“அப்போ எனக்கு பென்சன் வருமா?”

சிரித்து ஓய்ந்தோம். ஆனால் ராத்திரி பாத்திரம் கழுவும்போது அம்மா பக்கத்தில் வந்து நின்றார். ஒரு டம்ளரை எடுத்துத் துடைத்தார். அதையே மறுபடி துடைத்தார். அப்புறம் சொன்னார்.

உனக்குத் தெரிந்த கதைதான். 1962இல் ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், போடாதவர்கள் இந்தியர். உன் தாத்தா போட்டார், என் தாத்தா போடவில்லை. “கொடி மாறுவதைக் கண்ணால் பார்த்தவன், இன்னொரு கொடிக்குக் கையெழுத்துப் போடுவேனா” என்று தாத்தா சொன்னதாக எங்கள் வீட்டில் கதை. நான் கட்டுரைப் போட்டியில் அதை எழுதிப் பரிசுகூட வாங்கினேன். உனக்கு அன்று என் மேல் கோபம், இரண்டு நாள் பேசவில்லை.

அத்தனையும் பொய் மேரி. தாத்தா போயிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே பஞ்சாலை, ஒரே ஷிப்ட். ஐப்பசியில் ஒருநாள் சேர்ந்தே போய் வரிசையில் நின்றிருக்கிறார்கள். அடைமழை. உன் தாத்தாவிடம் குடை இருந்தது. என் தாத்தாவிடம் இல்லை. ஒரு குடையில் இரண்டு பேர் நிற்கத்தான் பார்த்திருக்கிறார்கள். உன் தாத்தாவின் உடம்பு உனக்குத் தெரியாதா? பாதி நாள் நனைந்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று என் தாத்தா திரும்பிவிட்டார். மறுநாள் காய்ச்சல். பத்து நாள் படுக்கை. எழுந்து, சம்பளம் போன கவலையில் ஆலைக்கு ஓடி, அப்படியே தை பிறந்து, தவணை போய்விட்டது. கொடி வசனமெல்லாம் அப்புறம் யாரோ கேட்டபோது சொன்னது. கேட்டவர்களுக்குப் பிடித்துப்போனதால் தாத்தா அதையே வைத்துக்கொண்டார். அம்மாவுக்கு அப்போது எட்டு வயது, ஈர வேட்டியோடு திண்ணையில் உட்கார்ந்து நடுங்கிய அப்பா நன்றாக நினைவிருக்கிறது என்கிறார்.

உன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து சொல்தா ஆனது, அந்தப் பென்சனில் உங்கள் வீட்டுக்கு முதன்முதலாகப் பிரிட்ஜ் வந்தது, நாங்கள் ஐஸ் கட்டிக்கு உங்கள் வீட்டு வாசலில் நின்றது, கடைசியில் நீ விமானம் ஏறியது, எல்லாவற்றையும் இப்போது வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு வருத்தமில்லை. நிஜமாகவே இல்லை. உன் குளிரும், நீ போன புதிதில், அங்கே அது கல்லறைக்கு வைக்கிற பூ என்று தெரியாமல் பக்கத்து வீட்டம்மாவுக்குச் சாமந்திப்பூ கொடுத்து மாட்டிக்கொண்ட கதையும் எனக்கு வேண்டாம். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு வேலை செய். உன் பெரிய அத்தைக்கு இன்னும் நினைவு நன்றாக இருக்கிறது என்றாயே, குடை விஷயத்தைக் கேள். கறுப்புக் குடை, மூங்கில் பிடி என்கிறார் அம்மா.

இப்போது நான் எழுத உட்கார்ந்த காரணம்.

போன வருடம் கல்லறைத் திருநாளுக்கு உன் அம்மா கல்லறைக்குப் போனேன் என்று சொன்னேனே, போகவில்லை. நான் அனுப்பிய போட்டோ அதற்கு முந்தின வருடத்தினுடையது. ஆபீஸில் ஆடிட், வீட்டில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லலாம். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். மழை தூறியது, போகவில்லை. நீ பதிலுக்கு அழுகிற முகமும் இதயமும் போட்டு, ‘நீ இல்லேன்னா யாருடி’ என்று அனுப்பியிருந்தாய். ஒரு வருடமாக அந்த வரி என் போனில் இருக்கிறது. திட்டுவதென்றால் திட்டு. எழுத்தில் திட்டு, எனக்குப் பழக்கப்பட்ட உன் கையெழுத்தில்.

இந்த வருடம் போனோம். அம்மாவும் வருகிறேன் என்றார். சஷ்டி விரதம் ஆரம்பித்த நாள், கல்லறைக்குப் போகலாமா என்று சித்தி தடுத்துப் பார்த்தார். வந்து தலைக்குக் குளித்துக்கொள்கிறேன், முருகன் ஒன்றும் சொல்ல மாட்டான் என்று கிளம்பிவிட்டார். தீபாவளி முடிந்தும் பெரிய மார்க்கெட்டில் பூ விலை இறங்கவில்லை. சாமந்தியும் கோழிக்கொண்டையும் கலந்து வாங்கினோம். உப்பளம் கல்லறையில் நிற்க இடமில்லை. சுண்ணாம்பு வாசனை, மெழுகு வாசனை, ஊதுபத்தி. உன் அம்மாவின் கல்லைத் தேய்த்துக் கழுவி, நான்கு மூலையிலும் மெழுகுவத்தி வைத்தேன். காற்றில் இரண்டு நிற்கவே இல்லை. அம்மா முந்தானையைப் பிடித்து மறைத்தபடி, உன் அம்மாவிடம் பேசுவது போலவே சொன்னார். “ஒங்க மாமனாரு அந்தக் குடைய கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சிருக்கலாம்க்கா.” பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பை அடக்கப் போய் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இந்த முறை போட்டோ உண்மையானது. மூலையில் அம்மாவின் செருப்புகூடத் தெரிகிறது பார்.

கல்லில் எழுத்து மங்கிவிட்டது. உன் அம்மாவின் பெயரில் முதல் எழுத்தே இல்லை. வாசலில் பெயிண்டோடு உட்கார்ந்திருந்தவர், தமிழையும் பிரெஞ்சையும் சேர்த்து எழுத எண்ணூறு ரூபாய் கேட்டார். தமிழ் மட்டும் என்றால் ஐந்நூறு. பிரெஞ்சில் அவர் தப்பாக எழுதிவிடுவாரோ என்று எனக்குப் பயம். எழுத்தைப் பெரிதாக ஒரு தாளில் எழுதி அனுப்பு, பக்கத்திலேயே நின்று எழுத வைக்கிறேன். கார்த்திகை மழைக்கு முன்னால் முடித்துவிட்டால் நல்லது.

உன் பெயர்க்காரி, கடற்கரையில் இருக்கிற பழைய நகராட்சி மேரி கட்டடம், நன்றாக நிற்கிறது. 2014 நவம்பர் மழையில் அது இடிந்தபோது ‘மேரி விழுந்துட்டா’ என்று நான் அனுப்பிய செய்திக்கு உன் மாமியார் பட்ட பாடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவரிடம் என் அன்பைச் சொல்.

உன்
செல்வி