படகை விற்கவில்லை, மச்சான்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. தங்கச்சிக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லாருக்கும் நிம்மதி. ஒரு மாதத்துக்காவது அடுப்படிப் புகையில் நிற்க விடாதே.

"இத்தனை வயதான படகை இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய், கேட்ட விலைக்குத் தள்ளிவிடு" என்று எழுதியிருந்தாய். அக்கறையில் சொல்கிறாய் என்று தெரியும். சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து எத்தனையோ தடவை என்னோடு பாய் இழுத்தவன் நீ, உனக்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

விற்கவில்லை. இந்த ஆண்டு ரிக்கிங் முழுவதையும், அதாவது பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளையும் அவற்றின் இணைப்புகளையும், புதிதாக்கிவிட்டேன். பாரந்தூக்கி வைத்துப் பாய்மரத்தை இறக்கி, அதைப் பிடித்து நிற்கும் கம்பிகளையெல்லாம் கழற்றி, அந்தக் கம்பிகளைப் படகோடு பிணைக்கும் சேன்பிளேட்டுகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். செலவு அதிகம்தான். ஆனால் எடுத்துப் பார்த்த பிறகு இதைச் செய்ததில் எனக்குத் துளிகூட வருத்தமில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்று பொதுவாக நினைக்கிறோம். காற்றுப் படும் இடத்தில்தான் அந்தப் பேச்சு. அதன்மேல் படிந்திருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம்தான் அதைக் காக்கிறது. அந்தப் படலம் கீறினால் மறுபடி உருவாக ஆக்சிஜன் வேண்டும். சேன்பிளேட் மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் பழைய பசை விட்டுப்போனால் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து தேங்கிவிடும், காற்று போகாது. மேலே பளபளவென்று இருக்கும் தகடு அந்த மறைவிடத்தில் மட்டும் அரித்து விரிசல் விடும். கம்பியின் முனையை இறுக்கிப் பிடித்திருக்கும் உலோகக் குழாய்க்குள்ளும் இதுவேதான் நடக்கிறது. நம் ஊர் வெயிலும் உப்பும் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகம். விரிசலைக் காட்டும் சாயத்தைத் தடவித் துடைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, இடப்பக்கத்துத் தகடு ஒன்றில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு. வெளியிலிருந்து பார்த்து யாராலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்தத் தகட்டை இன்னும் பட்டறை மேசையில் வைத்திருக்கிறேன், பழைய படகு வாங்கப்போகிறேன் என்று வருகிறவர்களிடம் காட்டுவதற்காக.

மேல்தளத்தையும் திருப்புளியின் பிடியால் முழுக்கத் தட்டிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் பால்சா மரம் காய்ந்திருந்தால் 'டக்' என்று கேட்கும், நீர் ஊறியிருந்தால் 'தொப்' என்று அமுங்கும். முன்பக்க ஜன்னலுக்கு அருகே கொஞ்சம்தான் ஊறியிருந்தது. அதை வெட்டி எடுத்து எபாக்சி பிசின் போட்டாயிற்று. அடிப்பகுதி இன்னும் திடமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் ஃபைபர்கிளாஸைத் தாராளமாக அடுக்கியிருக்கிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டது மகளுக்காகவும்தான். அவள் இப்போது சுக்கான் பிடிக்கிற விதத்தை நீ பார்க்க வேண்டும்! போன மாதம் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவிலுள்ள நோங்சா பாயிண்ட்டிலிருந்து திரும்பியபோது சிங்கப்பூர் நீரிணையை அவள்தான் படகை ஓட்டிக் கடந்தாள். அங்கே கிழக்கே போகும் கப்பல்களுக்கு ஒரு பாதை, மேற்கே போகிறவற்றுக்கு இன்னொன்று. குறுக்கே போகும்போது படகின் முகம் பாதைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுக் கடல்விதி 10. நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்துப் போனாலும் முகத்தைத் திருப்பி எதிர்த்து நிற்கக் கூடாது. அப்போதுதான் பாதைக்குள் இருக்கும் நேரம் குறையும், கப்பலில் இருப்பவர்களுக்கும் நம் எண்ணம் புரியும். நாம் பாயில்தான் போகிறோம் என்ற உரிமை அங்கே செல்லாது, பாதையில் வரும் கப்பலுக்கு நாம் இடைஞ்சலாக இருக்கக் கூடாது. 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் வரும் டாங்கர் ஒரு கடல் மைலை ஐந்தே நிமிடத்தில் கடந்துவிடும். மகள் கைத்திசைகாட்டியில் ஒவ்வொரு கப்பலையும் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள்: கோணம் மாறினால் விலகிவிடும், மாறாமல் பெரிதாகிக்கொண்டே வந்தால் நாம் வழிவிட வேண்டும். நான் வாயைத் திறக்கவே இல்லை. அவளுக்கு இந்தப் படகு எவ்வளவு நேரத்தில் திரும்பும், எந்தக் காற்றில் எவ்வளவு சாயும் என்பதெல்லாம் உடம்பிலேயே பதிந்திருக்கிறது. வேறு படகு வாங்கித் தரலாம். ஆனால் சின்ன வயதிலிருந்து சேர்த்த அந்தப் பழக்கத்தை அதில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு அது பெரிய நட்டமாகத் தெரிகிறது.

சுமத்ரா காற்று உனக்கு மறந்திருக்காது. ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும், மேற்கிலிருந்து கரும்மேகம் சுருண்டு வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். மேற்கில் மின்னல் தெரிந்தவுடனே பாயைச் சுருக்கிவிட வேண்டும் என்று நீதான் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாய். இன்றும் அதையே செய்கிறாள், "மாமா சொன்னது" என்று சொல்லிக்கொண்டு.

என் மனைவி எப்போதும்போல் படகிலும் மீன்குழம்பு வைக்கிறாள். படகு சாய்ந்தாலும் அடுப்பு சாயாமல் ஊஞ்சல்போல் ஆடுவதால் குழம்பு கொட்டுவதில்லை.

ஜூலையில் மலேசியாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் இருக்கும் தியோமான் தீவுக்குப் போகிறோம். நவம்பருக்கு மேல் வாடைக்காற்று அந்தக் கரைக் கடலைக் கொந்தளிக்க வைத்துவிடும், அதற்குள் போய்வர வேண்டும். 1851-இல் கட்டிய அந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கின் வெளிச்சம் தெரிகிற தொலைவில்தான் முதல் இரவுக் காவல் வரும். அந்தக் காவலை உனக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். தங்கச்சியை மகன் பார்த்துக்கொள்வான் என்றால் நீ வரலாமே.

கடப்பிதழ் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாகிறதா என்று பார்த்துக்கொள், இரண்டு பக்கமும் குடிநுழைவு முடிக்க வேண்டும். பெட்டி எடுத்து வராதே, வைக்க இடமில்லை, துணிப்பை போதும். அடிப்பாகம் மென்மையாகவும் வெள்ளையாகவும் இருக்கிற சப்பாத்து ஒன்று வாங்கிக்கொள். வருவதாக இருந்தால் ஜூன் தொடக்கத்துக்குள் எழுது, சாப்பாட்டுச் சாமான் வாங்க வேண்டும்.

அன்புடன்,
உன் தோழன்
சிங்கப்பூர்