அஞ்சு மேட்ச் ஆடினா ஆல்-ஸ்டாரா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

2025 அமெரிக்க பேஸ்பால் ஆல்-ஸ்டார் மேட்ச்ல (ரெண்டு லீக்கோட சிறந்த பிளேயர்ஸ் மோதுற மேட்ச்) மில்வாக்கி டீம் பிட்சர், அதாவது பந்து வீசுற பையன், ஜேக்கப் மிசியரோவ்ஸ்கிய சேர்த்தது சரிதான்னு என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சொல்றாங்க, எனக்கு மனசு ஒப்பவே இல்ல சார். ஜூன்லதான் அங்க டாப் லெவலான மேஜர் லீக் வந்தான், மொத்தமே அஞ்சு மேட்ச், அதுக்குள்ள ஆல்-ஸ்டார். மணிக்கு 100 மைலுக்கு மேல போடுறான், முதல் 11 இன்னிங்ஸ்ல ஒரு ஹிட் (பேட்டர் அடிச்சு பேஸ் புடிக்கிறது) கூட குடுக்கல, அதெல்லாம் நானும் வாயப் பொளந்து பார்த்தேன், இல்லன்னு சொல்லல. ஆனா பிலடெல்பியா டீம் பிட்சர் கிறிஸ்டோபர் சான்செஸ் சீசன் தொடங்குனதுல இருந்து மாங்கு மாங்குன்னு போட்டுட்டு இருந்தாரு, அவருக்கு எடமில்ல! கடைசில அவரோட லீக்ல சிறந்த பிட்சருக்குக் குடுக்கிற சை யங் விருது ஓட்டுல ரெண்டாவது வந்தது யாரு, அவர்தான்.

ஜனங்க பார்க்கத்தானே மேட்ச்னு கேப்பீங்க. ஜனங்க ஆசைக்கே விட்டா என்னாகும்னு 1957லயே பார்த்தாச்சு, சின்சினாட்டி ரசிகர்கள் ஓட்டா குத்தித் தள்ளி ஏழு பேர அவங்க டீம்ல இருந்தே ஸ்டார்ட்டரா (மேட்ச் தொடங்கும்போதே களத்துல எறங்குறவங்க) ஆக்கிட்டாங்க, கமிஷனர் ஃபோர்ட் ஃப்ரிக் ரெண்டு பேரத் தூக்கிட்டு வேற டீம் ஸ்டார்ஸ் வில்லி மேஸ், ஹேங்க் ஆரன உள்ள கொண்டாந்தாரு, அதுக்கப்புறம் 1970 வரைக்கும் ரசிகர்களுக்கு ஓட்டே கெடையாது. இப்போ ஸ்டார்ட்டர்ஸ மட்டும்தான் ரசிகர்கள் எடுக்கிறாங்க, பிட்சர்ஸ எடுக்கிறது பிளேயர்ஸும் லீக் ஆபீஸும்தான். அவங்களே இப்படி பண்ணா எப்படி? டீமுக்கு ஒருத்தராவது வரணும்ங்கிற ரூல கூட நான் ஒத்துக்குவேன், மில்வாக்கிக்கு ஆள் இல்லாமலா போச்சு?

ஆல்-ஸ்டார் பிட்சர் ஆகணும்னா குறைஞ்சது பத்து மேட்ச்லயாவது முதல் பிட்சரா எறங்கியிருக்கணும்னு ஒரு ரூல் வைங்கப்பா.

இப்படிக்கு,
உங்க ஸ்போர்ட்ஸ் பக்கத்த மட்டும் படிக்கிற வாசகன்